ஃபுல் சிக்னல் காட்டுது... பேமென்ட் மட்டும் போகலையே! கிரிவலப் பாதையில் '4ஜி+' என்ன செய்கிறது?

திருவண்ணாமலை செங்கம் சாலை. ரமணாசிரமத்தை ஒட்டிய இந்தப் பகுதியில் கூட்டமில்லாத ஒரு வாரநாள் மதியம் நெட் வேகத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பக்கத்துத் தெருவில் அறை எடுத்துத் தங்கி 'வொர்க் ஃப்ரம் ஹோம்' பார்ப்பவர், போன் ஹாட்ஸ்பாட்டிலேயே வீடியோ மீட்டிங்கை முடித்துவிட்டு, சாயங்காலம் மலையைப் பார்த்தபடி நடக்கக் கிளம்பிவிடலாம்.

அதே இடம், பௌர்ணமி இரவு. சாலை முழுக்கத் தலைகள். டீ குடித்தவர் கியூஆர் கோடை ஸ்கேன் செய்கிறார். திரையில் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. கடைக்காரரின் ஸ்பீக்கர் பெட்டி வாயைத் திறக்கவில்லை. பின்னால் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். போனின் மேல் மூலையில் மட்டும் சிக்னல் கோடுகள் நிறைந்து நிற்கின்றன. பக்கத்திலேயே '4ஜி+' என்ற குறி.

"ஃபுல் சிக்னல் இருக்கேண்ணே, பணம் மட்டும் போக மாட்டேங்குது!"

பணம் கணக்கில் கழிந்துவிட்டதா, இல்லையா? திரும்ப அனுப்பினால் இரண்டு முறை போய்விடுமா? வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. ஒரு டீயோடு போனால் பரவாயில்லை. மாதத்தில் ஒரு இரவு வியாபாரத்தை நம்பித் தள்ளுவண்டி போடுபவருக்கு அது பெரிய விஷயம். கூட்டத்தில் பிரிந்துபோன அம்மாவைத் தேடுபவருக்கு அதைவிடப் பெரிய விஷயம்.

அப்படியென்றால் அந்த '+' குறி பொய் சொல்கிறதா? இல்லை. ஆனால் நாம் நினைப்பதை அது சொல்லவில்லை. அதன் பின்னால் இருக்கும் தொழில்நுட்பத்தின் பெயர் 'கேரியர் அக்ரிகேஷன்'. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் தீரும்.

துண்டு துண்டு நிலம்

செல்போன் நிறுவனங்கள் அலைக்கற்றையை அரசிடம் ஏலத்தில் எடுக்கின்றன. ஒரே மூச்சில் பெரிய பரப்பாகக் கிடைத்துவிடுவதில்லை. 2010-ல் 2300 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் ஒரு துண்டு, பிறகு வந்த ஏலங்களில் 1800-ல் ஒரு துண்டு, 850-லோ 900-லோ ஒரு சிறு துண்டு என்று பல ஆண்டுகளாகச் சேர்த்தவை அவை. தாத்தா காலத்து நிலம் பங்கு பிரிந்து, ஏரிக்கரையில் அரை ஏக்கர், ஊர்க்கோடியில் கால் ஏக்கர் என்று சிதறிக் கிடப்பதுபோல.

டவரும் போனும் பேசிக்கொள்ள உதவும் ஒவ்வொரு அலைத் துண்டுக்கும் 'கேரியர்' என்று பெயர். 4ஜியில் ஒரு கேரியரின் அதிகபட்ச அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். இரண்டு ஆன்டெனா கொண்ட சாதாரண 4ஜி போன், இந்த 20 மெகாஹெர்ட்ஸில் ஏட்டளவில் 150 எம்பிபிஎஸ் வேகம் வரை இறக்கும். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் அகலம் வேண்டும். நிறுவனத்திடம் அகலம் இருக்கிறது. ஒரே இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இந்தச் சிக்கலுக்கான விடைதான் கேரியர் அக்ரிகேஷன். வெவ்வேறு இடங்களில் கிடக்கும் துண்டுகளை ஒரே போன் ஒரே நேரத்தில் பயன்படுத்தும். 20-ம் 20-ம் சேர்ந்தால் ஏட்டளவில் 300 எம்பிபிஎஸ். மூன்று சேர்ந்தால் 450. துண்டுகள் ஒரே பேண்டில் அடுத்தடுத்து இருக்கலாம், ஒரே பேண்டில் இடைவெளி விட்டு இருக்கலாம், வெவ்வேறு பேண்டுகளிலும் இருக்கலாம். இந்தியாவில் பெரும்பாலும் பயன்படுவது மூன்றாவது வகை.

செல்போன் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி என்ற சர்வதேசக் கூட்டமைப்பு, தன் 10-வது வெளியீட்டில் இதைச் சேர்த்தது. அதன்படி ஐந்து கேரியர்கள் வரை, மொத்தம் 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குச் சேர்க்கலாம். 2013 ஜூனில் தென் கொரியாவின் எஸ்கே டெலிகாம் இதை வணிகரீதியில் கொண்டுவந்தது. இந்தியாவில் 2016-ல் ஏர்டெல், கேரளாவில் 2300-ஐயும் 1800-ஐயும் சேர்த்து இந்தச் சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று வந்த ஜியோ, 850, 1800, 2300 என மூன்று பேண்டுகளில் 4ஜியை ஓட்டியது.

போனும் டவரும் பேசிக்கொள்வது

சேர்ப்பது என்றால் போன் தன் இஷ்டத்துக்கு நான்கு துண்டுகளைப் பிடித்துக்கொள்வது அல்ல. முடிவு டவருடையது.

முதலில் போன் ஒரே ஒரு கேரியரோடு இணையும். அதுதான் முதன்மை. அனுமதி, கட்டளை, கால் வருகிறது என்ற தகவல் எல்லாம் அதன் வழியாகத்தான். இணைந்ததும் போன் தன்னால் எந்தெந்தப் பேண்டுகளைச் சேர்த்துப் பிடிக்க முடியும் என்று ஒரு பட்டியலைக் கொடுக்கும். நீங்கள் வீடியோ பார்க்க ஆரம்பித்து, தேவை கூடினால், 'இந்த இரண்டாவது கேரியரையும் கேள்' என்று டவர் உத்தரவிடும். அது துணை. தேவை குறைந்தால் உடனே அதைக் கழற்றிவிடும். இதெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்து முடிந்துவிடும்.

ஒரே நிறுவனத்தின் சிம், ஒரே இடம், ஆனால் நண்பரின் போனில் மட்டும் நெட் பறப்பது ஏன் என்பதற்கும் இங்கேதான் பதில். அந்தப் பட்டியல் போனுக்குப் போன் மாறும். விலை குறைந்த போன்களில் சேர்க்கைகள் குறைவாக இருக்கும். டவரில் மூன்று கேரியர் இருந்தாலும், இரண்டை மட்டும் பிடிக்கத் தெரிந்த போனுக்கு இரண்டுதான்.

இன்னொரு விஷயம். '4ஜி+' குறி, இங்கே கேரியர்களைச் சேர்க்கும் வசதி இருக்கிறது என்பதற்கான அடையாளம். அந்த நொடியில் உங்களுக்கு அது கிடைக்கிறது என்று அர்த்தம் இல்லை. '5ஜி+' கதை வேறு: ஏர்டெல் தன் 5ஜி சேவைக்கே '5ஜி பிளஸ்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. குறியை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

5ஜியிலும் இதே கதைதான்

2022 அக்டோபர் 1 அன்று இந்தியாவில் 5ஜி தொடங்கியது. அதற்கு முந்தைய ஏலத்தில் அரசுக்குக் கிடைத்தது 1,50,173 கோடி ரூபாய். 700 மெகாஹெர்ட்ஸ் பேண்டை அப்போது வாங்கிய ஒரே நிறுவனம் ஜியோ. 3500-லும் 26,000-லும் அது இடம் பிடித்தது. இவற்றைச் சேர்த்து ஓட்டுவதற்கு கேரியர் அக்ரிகேஷனைப் பயன்படுத்துவதாக ஜியோ தொடக்கத்திலேயே அறிவித்தது.

ஏன் சேர்க்க வேண்டும்? 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் அகலம் குறைவு. 3500-ன் அலைநீளம் 9 சென்டிமீட்டருக்கும் கீழே. அகலம் தாராளம், ஆனால் சுவர், மரம், மனித உடல் எல்லாமே அதற்குத் தடை. ஒன்று எட்டும், இன்னொன்று கொட்டும். இரண்டையும் சேர்த்தால்தான் வீட்டுக்குள்ளும் வேகம் வரும்.

ஏர்டெல் 2022-ல் 4ஜியையும் 5ஜியையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் வேறொரு முறையோடு தொடங்கியது. தொழில்நுட்பத்தில் அது தனி வகை. ஆனால் இரண்டு வழியில் தரவைக் கொண்டுவருவது என்ற அடிப்படை எண்ணம் ஒன்றுதான்.

இரண்டு கையில் இரண்டு தட்டு

சரி, இவ்வளவு செய்தும் பௌர்ணமி இரவில் ஏன் வட்டம் சுற்றுகிறது?

கிரிவலப் பாதையில் அன்னதானப் பந்தல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று கவுன்ட்டர்கள். கூட்டம் இல்லாதபோது ஒருவரே மூன்றிலும் போய் வாங்கிக்கொள்ளலாம். வயிறு நிறையும். கேரியர் அக்ரிகேஷன் செய்வது இதைத்தான்: ஒருவரை ஒரே நேரத்தில் மூன்று கவுன்ட்டரிலும் வாங்க விடுகிறது. ஆனால் அண்டாவில் இருக்கும் சோறு அதனால் ஒரு பிடி கூடக் கூடுவதில்லை.

இதைக் கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். ஒரு டவரின் ஒரு திசையில் தலா 20 மெகாஹெர்ட்ஸ் கொண்ட மூன்று கேரியர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏட்டளவு வேகம் நடைமுறையில் வராது. எனவே ஒவ்வொன்றும் 40 எம்பிபிஎஸ் தருகிறது என்று கொள்வோம். மொத்தம் 120.

சேர்க்கும் வசதி இல்லை என்றால், தனியாக இருக்கும் ஒருவருக்குக் கிடைப்பது 40. வசதி இருந்தால் 120. மூன்று மடங்கு!

இப்போது அதே திசையில் 2,000 பேர் ஒரே நேரத்தில் நெட்டைப் பயன்படுத்துகிறார்கள். சேர்த்துக் கொடுத்தால் 120-ஐ 2,000-ஆல் வகுக்க வேண்டும். ஒருவருக்கு 0.06 எம்பிபிஎஸ். சேர்க்காமல் ஆளுக்கொரு கேரியராகப் பிரித்துவிட்டால்? ஒவ்வொரு கேரியரிலும் சுமார் 667 பேர். 40-ஐ 667-ஆல் வகுத்தால்... அதே 0.06 எம்பிபிஎஸ்.

விஷயம் இவ்வளவுதான். கேரியர் அக்ரிகேஷன் தனி மனிதரின் உச்ச வேகத்தைக் கூட்டும். கூட்டத்துக்கான மொத்தக் கொள்ளளவைப் பெரிதாகக் கூட்டாது. ஒரு கேரியர் நிரம்பி இன்னொன்று காலியாக இருந்தால், நெரிசலைப் பகிர்ந்துவிட அது உதவும். மூன்றுமே நிரம்பிவிட்டால் பகிர்வதற்கு ஒன்றுமில்லை.

சிக்னல் கோடுகள் சொல்லாத பாதி

இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. யுபிஐ பேமென்ட்டுக்குத் தேவையான தரவு மிகமிகக் குறைவு. வீடியோ நிற்பது சரி, அது ஏன் நிற்க வேண்டும்?

காரணம், போன் காட்டும் கோடுகள் ஒரு பக்கத்தை மட்டுமே அளக்கின்றன. டவரின் குரல் உங்கள் காதில் எவ்வளவு சத்தமாக விழுகிறது என்பதைத்தான் அவை காட்டும். உங்கள் குரல் டவருக்குக் கேட்கிறதா, டவருக்கு உங்களைக் கவனிக்க நேரம் இருக்கிறதா என்பதை அல்ல.

டவர் ஒரு கேரியரில் பல பத்து வாட் சக்தியில் பேசும். போன் பொதுவாக அதிகபட்சம் 0.2 வாட். ஒலிபெருக்கியில் பேசும் அறிவிப்பாளருக்குக் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருவர் வெறும் வாயால் பதில் சொல்வது போன்ற நிலை. அறிவிப்பு உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். உங்கள் பதில் இரைச்சலில் மூழ்கும்.

போன் எதை அனுப்புவதற்கு முன்பும், முதலில் கையைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டும். ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே நேரத்தில் கை தூக்கினால் கோரிக்கைகள் ஒன்றோடொன்று மோதும். மோதியவை சற்றுப் பொறுத்து மறுபடி முயலும், மறுபடி மோதும். பேமென்ட்டுக்கான சில கிலோபைட்டுகள் புறப்படுவதற்கே இடம் கிடைக்காமல் நிற்கும். டீக்கடை ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருப்பதும் ஒரு சிம் கார்டுதான். அதுவும் இதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

இதில் கேரியர் அக்ரிகேஷனின் கை சற்று நீளம் குறைவு. அது பெரும்பாலும் கீழே இறங்கும் தரவுக்கே பயன்படுகிறது. மேலே அனுப்பும் திசையிலும் சேர்க்கத் தரநிலை அனுமதிக்கிறது. ஆனால் இருக்கும் 0.2 வாட்டை இரண்டு கேரியருக்குப் பங்கு போட்டால் இரண்டுமே பலவீனமாகும். 2300, 3500 போன்ற பேண்டுகளில் ஒரே அலையை நேரம் பிரித்து இரண்டு திசைக்கும் பயன்படுத்துகிறார்கள். அதிலும் பெரும்பங்கு நேரம் இறக்குவதற்குத்தான். வீட்டில் படம் பார்ப்பவருக்கு இந்தப் பங்கீடு சரி.

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணி? மலை உச்சியில் மகாதீபம் ஏற்றப்படும் அந்த நிமிடத்தில், 14 கிலோமீட்டர் பாதை நெடுகிலும் நிற்பவர்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்து, அந்தக் கணமே ஊரில் இருப்பவர்களுக்கு அனுப்புகிறார்கள். மொத்தச் சுமையும் மேலே போகும் திசையில், அதுவும் ஒரே நேரத்தில். குறைவான இடம் ஒதுக்கப்பட்ட பக்கத்தில்தான் அன்றைக்கு எல்லோரும் நிற்கிறார்கள்.

மலைக்கும் இதில் பங்கு உண்டு. 2,668 அடி உயரப் பாறை மலையை எந்தப் பேண்டாலும் துளைத்துப் போக முடியாது. எனவே ரமணாசிரமப் பகுதியில் நிற்பவருக்கு அந்தப் பக்கத்து டவர்கள்தான் கதி. மலைக்கு மறுபுறம் டவர் காலியாக இருந்தாலும் இங்கே உதவாது.

அப்போ என்னதான் தீர்வு?

அண்டாவைப் பெரிதாக்க வேண்டும், அல்லது பந்தல்களைக் கூட்ட வேண்டும். செல்போன் உலகில் இதற்கு நான்கு வழிகள்.

முதலாவது, ஒரு டவர் கவனிக்கும் பரப்பைச் சிறிதாக்கி, நிறைய சிறு டவர்களை வைப்பது. அதே அலைக்கற்றையை ஒவ்வொரு சிறு பரப்பிலும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். கூட்டத்துக்கு மிகவும் உதவுவது இதுதான். இரண்டாவது, திருவிழா நாட்களுக்கு மட்டும் வண்டியில் கொண்டுவந்து நிறுத்தும் தற்காலிக டவர்கள். மூன்றாவது, நிறைய ஆன்டெனாக்களைக் கொண்டு ஒரே அலையை வெவ்வேறு ஆட்களை நோக்கித் தனித்தனிக் கற்றையாக அனுப்பும் 5ஜி முறை. நான்காவது, டவரிலிருந்து பின்னால் போகும் ஃபைபர் இணைப்பு. அது குறுகலாக இருந்தால், முன்னால் எத்தனை கேரியரைச் சேர்த்தாலும் பலன் இல்லை.

இவற்றுக்குச் செலவாகும். மாதம் ஓரிரு இரவுக்கும் ஆண்டில் ஒரு மாலைக்கும் நிறுவனங்கள் எவ்வளவு செலவு செய்ய வேண்டும் என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வி இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த டிராயின் புதிய சேவைத் தர விதிகளின்படி, எந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். நல்ல தொடக்கம். ஆனால் வரைபடம் சொல்வது சிக்னல் எட்டுகிறதா என்பதை. தீபத்தன்று மாலை அந்தச் சிக்னலை வைத்து ஒரு மெசேஜ் அனுப்ப முடிந்ததா என்பதை அது சொல்லாது. கூட்டம் எந்தத் தேதியில், எந்த மணிக்கு, எந்தச் சாலையில் வரும் என்று காலண்டரே சொல்லிவிடும் ஊர் இது. அந்த நேரத்துச் சேவையைத் தனியாக அளந்து வெளியிடச் சொல்வது அதிகமான எதிர்பார்ப்பு அல்ல.

ஏன் இவ்வளவு அக்கறை வேண்டும்? 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் இதே மலையடிவாரத்தின் வ.உ.சி. நகரில் மண்சரிந்து 7 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த 12 நாட்களில் தீபத் திருவிழா. அந்த முறை மலையேற பக்தர்களுக்கு அனுமதி இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் தகவல் போய்ச் சேருவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஒரு ஆறுதல்: 2023-ல் எல்லோர் போனிலும் பெரிய சத்தத்தோடு வந்த சோதனை எச்சரிக்கை ஞாபகம் இருக்கிறதா? அது டவர் ஒரே முறை சொல்ல, எல்லாப் போன்களும் கேட்டுக்கொள்ளும் முறை. யாரும் கை தூக்கி அனுமதி கேட்க வேண்டியதில்லை. எனவே 2,000 பேர் இருந்தாலும் இரண்டு லட்சம் பேர் இருந்தாலும் அதன் சுமை ஒன்றுதான்.

கிரிவலம் கிளம்பும் முன்...

* கையில் கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பேமென்ட் சுற்றிக்கொண்டே இருந்தால் உடனே மறுபடி அனுப்பாமல், முதலில் பரிவர்த்தனை விவரத்தைப் பாருங்கள்.

* நெட் இல்லாமல் பணம் அனுப்ப *99# சேவை உண்டு. முதல்முறைப் பதிவை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

* பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வையுங்கள். 'அக்னி லிங்கம் வாசல்' என்பது லைவ் லொகேஷனைவிட நம்பகமானது.

* அவசரத் தகவலை வீடியோவாகவோ வாய்ஸ் நோட்டாகவோ அனுப்பாமல் எஸ்எம்எஸ் ஆக அனுப்புங்கள். போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம்.

* ஆபத்து என்றால் 112. உங்கள் நிறுவனத்தின் டவர் கிடைக்காவிட்டாலும், கிடைக்கிற வேறு நெட்வொர்க் வழியாகப் போன் முயலும்.

* தீப வீடியோவை எடுங்கள். அப்லோடு மட்டும் இரவு ரூமுக்கு வந்த பிறகு. உங்களுக்கும் சீக்கிரம் போகும், பக்கத்தில் நிற்பவரின் பேமென்ட்டுக்கும் வழிவிட்ட மாதிரி இருக்கும்.

* புது போன் வாங்கும்போது '5ஜி' என்ற எழுத்தோடு நின்றுவிடாமல், 700-க்கான என்28, 3500-க்கான என்78 பேண்டுகள் இருக்கின்றனவா, எத்தனை கேரியரைச் சேர்க்கும் என்று பாருங்கள். கூட்டமில்லாத மற்ற நாட்களில் அந்தக் காசுக்குப் பலன் தெரியும்.

பௌர்ணமி முடிந்த மறுநாள் மதியம், ரமணாசிரமத்துக்கு வெளியே அதே டீக்கடையில் அதே போனை நீட்டினால் பேமென்ட் ஒரு நொடியில் போய்விடும். ஸ்பீக்கர் பெட்டியும் ராகம் போடும். போனும் மாறவில்லை, டவரும் மாறவில்லை, '4ஜி+' குறியும் மாறவில்லை. மாறியது பந்திக்கு வந்தவர்களின் எண்ணிக்கை மட்டும்தான்.